ஏன் செத்தேன்னு தெரியணும் மாமா

என் வயதுக்காரர்களிடம் பழைய வீடியோ கேம் என்று பேச்செடுத்தால் போதும். கான்ட்ரா மாதிரி வருமா, வைஸ் சிட்டி மாதிரி வருமா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த கேம்களைக் கடைசியாகத் தொட்டது பள்ளியிலோ கல்லூரியிலோ படித்தபோது. நினைவில் இருக்கும் கேம் வேறு, இன்றைக்கு எடுத்துப் போட்டால் கையில் கிடைக்கும் கேம் வேறு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வாய்ப்பு இருக்கிறது. திண்டிவனம்–மரக்காணம் சாலையில் பெருமுக்கல்லில் எங்கள் வீடு. ஒரு டிவி கேம் பெட்டி, கொஞ்சம் கேசட்டுகள், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு நோக்கியா போன் எல்லாவற்றையும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன். அக்கா குடும்பம் மரக்காணத்தில். கோடையில்தான் உப்பு நன்றாக விளையும் என்பதால் பெரியவர்கள் உப்பளத்தை விட்டு நகர முடியாது. பள்ளிக்கூடம் மூடியதும் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போன் கேமில் ஊறிய அந்தப் பிள்ளைகளிடம் பழைய கேம்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். எது இன்னும் நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும்.

எனக்கு அளவுகோலைக் கொடுத்தவன் அக்காவின் சின்னப் பையன். ஒரு கேமில் தோற்றபோது, "ச்சே, கொஞ்சம் முன்னாடியே குதிச்சிட்டேன் மாமா, இன்னொரு வாட்டி" என்றான். வேறொன்றில் தோற்றபோது ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் செத்தேன்னே தெரியல மாமா" என்று எழுந்து போய்விட்டான். ஏன் தோற்றோம் என்று தெரிந்தால் மறுபடி விளையாடக் கை பரபரக்கும். தெரியாவிட்டால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த கேமுக்குக் கிழடு தட்டிவிட்டது என்று பொருள். இதோடு ஒரு துணைக் கேள்வி: தோற்றால் எவ்வளவு தூரம் பின்னால் போய் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்?

கேசட்டில் நின்றவை

நாம் டிவி கேம் என்று சொன்ன பெட்டிகள் எல்லாம் நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்தின் வழிவந்தவை. சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் இங்கே விற்றன. அப்புறம் பெயரே இல்லாத சீனப் பெட்டிகள் திருவிழாக் கடை வரைக்கும் வந்துசேர்ந்தன.

இந்தக் கூட்டத்தில் சற்றும் தளராதது 1985-ல் வந்த சூப்பர் மாரியோ. மொத்த கேமும் 40 கிலோபைட்தான். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது. முதல் திரையிலேயே ஒரு காளான் பூதம் மெதுவாக நடந்து வரும். முட்டினால் சாவோம், குதித்தால் பிழைப்போம், அதன் தலைமேல் விழுந்தால் அது நசுங்கும். ஒரு எழுத்துகூடத் திரையில் வராமல் பாடம் முடிந்துவிடுகிறது. ஓடிவந்து குதித்தால் தூரம் அதிகம், நின்று குதித்தால் குறைவு, காற்றில் இருக்கும்போதும் கொஞ்சம் திருப்பலாம். பள்ளத்தில் விழுந்தவனுக்கு விழுந்த காரணம் உடனே தெரியும்.

அடுத்து பேட்டில் சிட்டி. பெயர் பலருக்குத் தெரியாது, 'டேங்க் கேம்' என்றால் தெரியும். நாம்கோ 1985-ல் செய்தது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் எதிரி டேங்குகள் இருபது, கீழே செங்கல் சுவருக்குள் நம் கழுகுச் சின்னம். கழுகு போனால் ஆட்டம் போச்சு. இரண்டு பேர் சேர்ந்து விளையாடும்போது தவறிப்போய் கூட்டாளியைச் சுட்டால் அவன் கொஞ்ச நேரம் உறைந்து நிற்பான். சண்டை வரும், ஆனால் யார் மேல் தப்பு என்பதில் சந்தேகம் வராது. பிள்ளைகள் தாங்களாகவே திரும்பத் திரும்பக் கேட்கிற கேம் எங்கள் வீட்டில் இதுதான்.

ரோடு ஃபைட்டரும் நிற்கிறது. இடித்தால் கார் வழுக்கும், சரியான பக்கம் திருப்பினால் மீளும், பெட்ரோல் தீருவதற்குள் எல்லையைத் தொட வேண்டும். ஒரே மூச்சில் நீண்ட நேரம் விளையாடத் தாங்காது, ஆனால் பத்து நிமிடத்துக்கு இதைவிட நல்ல கார் கேம் என்னிடம் இல்லை.

கான்ட்ராவுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். குண்டுகள் மெதுவாக, கண்ணுக்குத் தெரியும்படி வருவதால் தப்பிக்கக் கற்றுக்கொள்ள முடியும். மூன்றாவது ஸ்டேஜ் அருவியில்தான் வம்பு. ஒருவன் மேலே ஏறினால் திரையும் மேலே போகும், கீழே நிற்கிறவன் ஒரு தப்பும் செய்யாமல் செத்துப்போவான். அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்வதற்கென்றே வைத்த ஸ்டேஜ் மாதிரி இருக்கும். முப்பது லைஃப் தரும் ரகசியப் பட்டன் வரிசை கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ கண்டது. அவர் அதை முதலில் வைத்தது 1986-ல் கிரேடியஸ் என்ற கேமில், அதைச் சோதித்துப் பார்க்கத் தனக்கே கடினமாக இருந்ததால். செய்தவருக்கே கடினம் என்றால் நாம் முப்பது லைஃப் எடுத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு? நான் பிள்ளைகளுக்கு இதை மட்டும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

டெட்ரிஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கையடக்க 'பிரிக் கேம்' வழியாக வந்தது. நின்டெண்டோவின் 1989 டெட்ரிஸை 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், இயந்திரமே கணக்குத் தப்பி உறைந்து நிற்கும் இடம் வரை கொண்டுபோனான். அவன் பிறப்பதற்கு இருபது வருடத்துக்கும் முன்னால் வந்த கேம் அது. அடுக்கில் ஓட்டை விட்டது நாம்தான் என்பது எப்போதும் கண்ணெதிரே தெரிவதால் டெட்ரிஸுக்கு வயதே ஆவதில்லை.

கிழடு தட்டியவை

மூத்துப்போனவற்றில் இரண்டு வகை. ஒன்றில் கேம் மேல் குற்றமில்லை, சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது. துப்பாக்கியால் வாத்து சுடும் டக் ஹன்ட் அப்படி. துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒளி போய் வாத்தை அடிப்பதாகத்தான் நாம் நினைத்திருந்தோம். நடப்பது நேர்மாறு. விசையை அழுத்தியதும் திரை கண்ணிமைப்பதற்குள் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வந்துபோகும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். பழைய குண்டு டிவி சிக்னல் வந்த கணமே படம் வரையும். இன்றைய எல்இடி டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் அந்தக் கணம் தாண்டிவிடும். எவ்வளவு குறி பார்த்தாலும் வாத்து விழாது, நாய் சிரிக்கும். எங்கள் வீட்டில் மட்டும் வாத்து இன்னும் விழுகிறது. காரணம், 2006-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டி. பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருங்கள்.

இரண்டாவது வகையில் குற்றம் பிறவியிலேயே இருக்கிறது. 1994-ல் வந்த லயன் கிங் கேம், படம் பார்ப்பதுபோல அழகு. இரண்டாவது ஸ்டேஜிலேயே சிங்கக்குட்டி குரங்குகளிடமும் ஒட்டகச்சிவிங்கிகளிடமும் சிக்கித் திணறும். அமெரிக்காவில் கேசட்டை வாடகைக்கு எடுக்கும் பிள்ளைகள் இரண்டு நாளில் முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே கடினமாக்கினோம் என்று அதைச் செய்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். அந்த வாடகைக் கடைகள் போய்விட்டன, கடுமை மட்டும் மிச்சம். கடைகளில் காசு போட்டு விளையாடிய இயந்திரங்களிலிருந்து வந்த பல கேம்களிலும் இதே கதைதான். அவை நம்மைச் சீக்கிரம் சாகடித்ததற்குக் காரணம் அடுத்த நாணயம்.

'9999 இன் 1' கேசட்டைப் பற்றி ஒரு வரி போதும். உள்ளே இருப்பது சில கேம்கள், மீதியெல்லாம் அவையே வேறு பெயரில், வேறு ஸ்டேஜில் தொடங்குபவை.

முப்பரிமாணம் வந்த புதிதில் செய்த கேம்கள்தான் மிக வேகமாக மூத்தவை. கையால் புள்ளி வைத்து வரைந்த மாரியோ இன்றும் கண்ணை உறுத்தவில்லை. 1996-ல் வந்த டூம் ரைடரில் நாயகியை ஒரு சுவர்ப்பக்கம் திருப்புவதற்குள் பொறுமை போகிறது. கேமரா எங்கே பார்க்கிறது என்று தெரியாததால் விழுந்த காரணமும் தெரிவதில்லை. இதற்கு நல்ல விதிவிலக்கு டெக்கன் 3 என்ற சண்டை கேம். இரண்டு கை, இரண்டு கால், நான்குக்கும் நான்கு பட்டன். பக்கவாட்டில் பார்ப்பதால் குழப்பமில்லை. எடி கோர்டோ என்ற வீரனை எடுத்துக்கொண்டு கண்டபடி பட்டனைத் தட்டி ஜெயிக்கிறவன் மட்டும் அன்றைக்கும் வம்பு, இன்றைக்கும் வம்பு. எங்கள் வீட்டில் எடிக்குத் தடை.

ப்ரௌசிங் சென்டரும் இலவச லேப்டாப்பும்

திண்டிவனம் ப்ரௌசிங் சென்டர்களில் மணிக்கணக்குப் பார்த்து விளையாடிய கேம்கள், 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டம் வந்த பிறகு பென் டிரைவ் வழியாக ஊருக்குள் இறங்கின. அந்த லேப்டாப்புகளில் புதிய பெரிய கேம்கள் ஓடாது. அதனால் உலகம் மறந்த கேம்கள் நம் கிராமங்களில் இன்னும் சில வருடம் கூடுதலாக வாழ்ந்தன.

வைஸ் சிட்டி கம்ப்யூட்டருக்கு வந்தது 2003-ல். ஊரைச் சுற்றுவதும் வண்டி ஓட்டிக்கொண்டே ரேடியோ கேட்பதும் இன்றும் சுகம். மிஷன்கள்தான் தாங்கவில்லை. தோற்றால் மறுபடி ஊர் முழுக்க ஓட்டிப்போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டி முடிக்காத கட்டடத்துக்குள் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி வெடிகுண்டு வைக்கும் மிஷனைத் தாண்டாத தலைமுறையே உண்டு. அதை ஓட்ட நம்பர் பட்டன்கள் வேண்டும், பல லேப்டாப்புகளில் அவை தனியாகக் கிடையாது. நம்மில் பெரும்பாலோர் சீட் கோடு போட்டு டேங்க் வரவழைத்துச் சுற்றியவர்கள்தான், கதை முடிவு பார்த்தவர்கள் குறைவு. 2021-ல் புது மெருகோடு வந்த பதிப்பு குறைகள் மலிந்து திட்டு வாங்கியது. படத்தைப் பாலிஷ் போட்டு இளமையைத் திருப்ப முடியாது என்பதற்கு அது சாட்சி.

2000-ல் வந்த ப்ராஜெக்ட் ஐஜிஐ என் நண்பர்களின் செல்லம். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன், மோசமாக மூத்த கேம் அது. மிஷன் நடுவில் சேவ் கிடையாது. சைரன் அடித்துவிட்டால் கட்டடத்துக்குள்ளிருந்து வீரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நெடுநேரம் தவழ்ந்து போய் எங்கிருந்தோ வந்த ஒரு குண்டில் செத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2012 வாக்கில், சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத காலத்தில் கம்ப்யூட்டரில் இதை விளையாடியவர்களின் பொறுமைக்கு விருது கொடுக்கலாம்.

1989-ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா நேர்மாறு. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டுப் படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்து வரைந்தார். அந்த இளவரசனுக்கு உடம்பு கனம் உண்டு. ஓடினால் நிற்க ஓரடி வேண்டும், குதிக்குமுன் கால் பதிய வேண்டும். முதல் அரை மணி நேரம் எரிச்சல் வரும். பிடிபட்டுவிட்டால் ஒவ்வொரு முள் குழியும் நம் கணக்குப் பிசகால் வந்ததுதான் என்று புரியும்.

கிரிக்கெட் 07-ஐக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். 2006 இறுதியில் வந்தது. சில ஷாட்டுகள் எப்போது அடித்தாலும் நான்கு போகும், கேமாக அதில் ஓட்டைகள் நிறைய. அதற்குப் பின் அதைச் செய்த நிறுவனம் கம்ப்யூட்டருக்கு கிரிக்கெட் கேமே போடவில்லை. 2008-ல் ஐபிஎல் தொடங்கியதும் ரசிகர்களே புது அணி, புது ஜெர்சி, புது மைதானம் செய்து சேர்க்க ஆரம்பித்தார்கள், இன்றும் சேர்க்கிறார்கள். 2015-ல் மறைந்த ரிச்சி பெனாட் வர்ணனை சொல்ல, அவர் பார்த்தே இராத பையன்கள் அதில் பேட் பிடிக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட நன்றாக மூத்தது 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. தோற்ற பிறகு யோசித்தால், எந்த நேரத்தில் ஆட்களைச் சும்மா நிறுத்தினோம், எப்போது மதில் கட்ட மறந்தோம் என்று வரிசையாகச் சொல்ல முடியும். 2019-ல் புதுப் பதிப்பு வந்தது. 2022-ல் இந்திய அரசுகளுக்கான தொகுப்பில் திராவிடர்கள் ஒரு தனி நாகரிகமாகச் சேர்ந்தார்கள். சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு எல்லாம் உண்டு. எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் இடிந்த கோட்டை 1760-ல் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது. அங்கே ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கு, மேட்டில் நிற்பவனுக்கு ஏன் பலம் அதிகம் என்று இந்த கேமில் விளக்கவே வேண்டியதில்லை.

பட்டனும் கேமில் ஒரு பாதி

1997-ல் நோக்கியா 6110-ல் டனேலி அர்மன்டோ எழுதிய பாம்பு கேம் பட்டன் போனில் இன்றும் முதல் தரம். அதையே தொடுதிரையில் விரலால் தேய்த்து விளையாடினால் பாம்பு நினைத்த கணத்தில் திரும்பாது, செத்த பழி யார்மேல் என்று தெரியாது. ஒரு பழைய கேம் மோசம் என்று முடிவுகட்டுமுன் எதில் விளையாடுகிறோம் என்று பாருங்கள். போனில் மாரியோ விளையாடிப் பார்த்துவிட்டுக் குறை சொல்கிறவர்களுக்கு என் பதில், ஒரு சின்ன ப்ளூடூத் கேம்பேட் வாங்குங்கள் என்பதுதான்.

எடுத்து விளையாட நினைப்பவர்களுக்கு

கேசட்டை ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான், ஆனால் ஊதியதால் அது ஓடவில்லை. கழற்றி மறுபடி செருகியதில் முனை சரியாக உட்கார்ந்ததால் ஓடியது. வாய் ஈரம் முனையை அரிக்கும் என்று நின்டெண்டோவே எச்சரித்தது. உப்புக் காற்று அடிக்கிற நம் பக்கத்தில் செம்பு முனை பச்சை பூக்க அதிக நாள் ஆகாது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்.

எழுதிய சிடிகளை நம்பாதீர்கள். வெயிலும் வெக்கையும் பட்டு அதன் சாயம் போய்விடும். ஓடுகிறபோதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

புது டிவியில் இணைப்பதானால் முதலில் 'கேம் மோட்' போடுங்கள், பட்டனுக்கும் படத்துக்கும் உள்ள தாமதம் குறையும். பிறகு படத்தின் அளவை 4:3 ஆக்குங்கள், இல்லாவிட்டால் மாரியோ குண்டாகிவிடுவார். பல புது டிவிகளில் மூன்று வண்ண ஏவி துளைக்குப் பதில் ஒரே சின்னத் துளைதான் இருக்கும். அதற்கான ஒயர் எல்லா டிவிக்கும் ஒன்றல்ல, டிவி மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் விளையாடினால் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம். ஒவ்வொரு குதிப்புக்கும் சேவ் செய்தால் மாரியோ சப்பென்று போய்விடும். ஸ்டேஜ் தொடக்கத்தில் மட்டும் சேவ் செய்யுங்கள். லயன் கிங் மாதிரி வேண்டுமென்றே சாகடிக்கிற கேம் என்றால் தாராளமாக எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது வரிசை முக்கியம். முதலில் இருவர் சேர்ந்து ஆடும் டேங்க் கேம், அடுத்து மாரியோ, பிறகு டெட்ரிஸ். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை அவர்களாகக் கேட்கும் வரை எடுக்காதீர்கள். எங்கள் காலத்தில் என்று மட்டும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

இன்றைய போன் கேம்களில் எது இருபது வருடம் கழித்து நிற்கும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். தோற்றால் காரணம் என்ன? கை பிசகியது காரணமென்றால் நல்லது. காசு கட்டி ஆயுதம் வாங்காதது காரணமென்றால் அது அந்தக் காலத்து நாணய இயந்திரத்தின் பேரன், மூத்துத்தான் போகும். இன்டர்நெட் இல்லாமல், செய்த நிறுவனம் இல்லாமல் ஓடுமா? ஃபேஸ்புக்கில் அத்தனை பேர் விதைத்து அறுத்த ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜி ஓர் அரசாணையில் நின்றது. ஐஜிஐ எவ்வளவு கிழடாக இருந்தாலும் இன்று மாலை போட்டு விளையாடித் திட்டலாம். திறக்கவே முடியாத கேமைத் திட்டக்கூட வழியில்லை. ஆகவே உங்களுக்குப் பிடித்தது ஏதாவது இன்னும் ஓடினால், அதை இந்த வாரமே இன்னொரு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.